தோட்டமும் தோட்டாவும்

ஹற்றன் நகரை விட்டுப் புறப்பட்டு, டிக்கோயாவையும் நோர்வூட்டையும் கடந்து, கெசல்கமுவ ஓயாவின் போக்குக்கு எதிராக மேலே செல்லும் பாதையில் ஒருமுறை பயணஞ் செய்தவர் அதனை எளிதில் மறந்துவிட மாட்டார். கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் வெள்ளித் தகடுபோல் கிடக்கும். இருமருங்கும் கத்தரித்து ஒழுங்கு செய்தாற்போன்ற தேயிலை மலைகள். அவற்றினிடையே பச்சையோடு பச்சையாக அசையும் கூடைகள். நாலாயிரம் அடி அளவிலான உயரத்தில், மலைகள் நாற்புறமும் சற்றே விலகி நின்று இடம் கொடுக்க, பொகவந்தலாவை என்னும் சிற்றூர் நமக்குத் தென்படுகின்றது. தேயிலை வணிகர் இப்பள்ளத்தாக்குக்குப் ‘பொன் பள்ளத்தாக்கு’ என்று பெயர் சூட்டியுள்ளனர். அந்தப் பொன்னை விளைவித்த கைகளைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை.

இம்முறை நாம் தனியே செல்லவில்லை. இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து, ஹற்றனில் படித்து, நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் கனடாவுக்குச் சென்று குடியேறிவிட்ட நண்பர் ஒருவர் உடன் வந்திருந்தார். அவர் சாதுவான மனிதர். ஆயினும் அவரிடம் நமக்கு வியப்பூட்டும் பழக்கம் ஒன்று உண்டு. இலையுதிர் காலம் வந்தால், முறைப்படி அனுமதிப் பத்திரம் பெற்று மான் வேட்டைக்குச் செல்வார். அதற்கான தோட்டாக்களைக் கடையில் வாங்காமல், ஒருமுறை சுட்ட வெற்றுக் கூடுகளைச் சேகரித்து, வீட்டின் நிலவறையில் இருந்தபடி தம் கையாலேயே மீண்டும் நிரப்பிக்கொள்வார். “ஊரில் நான் பார்க்க விரும்புவன இரண்டு. ஒன்று கல்லறை. மற்றது ஒரு தகரப் பெட்டி” என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கல்லறைக்கும் பெட்டிக்கும் என்ன உறவென்று நமக்கு அப்போது விளங்கவில்லை.

முதலிலே கல்லறையைப் பார்த்தோம். பொகவந்தலாவையில் தூய மரியாள் ஆலயம் என்னும் சிறிய கற்கோயில் ஒன்று உண்டு. அதன் வளவிலே ஜூலியா மார்கரெட் கமரோன் என்னும் அம்மையாரும் அவர்தம் கணவரும் துயில்கின்றனர். அம்மையார் நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த படப்பெட்டியைக் கொண்டு புகைப்படக் கலையைத் தொடங்கி, உலகப் புகழ் பெற்றவர். 1875 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, இங்கும் தோட்டத் தொழிலாளர் சிலரைப் படம் பிடித்தார். 1879 ஆம் ஆண்டு சனவரி 26 ஆம் நாள் காலமானார். அடுத்த ஆண்டில் கணவரும் மறைந்தார்.

நண்பர் கல்லறை முன்னே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பின்னர், “இந்த அம்மாவும் நானும் ஒரே சரக்கைக் கையாண்டவர்கள்” என்றார். நாம் நகைத்தோம். அவர் நகைக்கவில்லை. அவர் விளக்கியது இது: பஞ்சை அமிலங்களில் தோய்த்தெடுத்தால் அது வெடிக்கும் பஞ்சாகிவிடும். 1846 ஆம் ஆண்டில் ஷோன்பைன் என்னும் இரசாயன அறிஞர் அதனை உலகுக்கு அறிவித்தார். அந்தப் பஞ்சினத்தை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்துக் கண்ணாடித் தகட்டின்மேல் பூசியே, 1851 முதல் புகைப்படங்கள் எடுக்கப்பட்டன. கமரோன் அம்மையாரின் படங்கள் யாவும் அத்தகைய தகடுகளில் பிறந்தவையே. அதே வெடிபஞ்சை வேறு விதமாகப் பதப்படுத்தி, 1884 ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துப் போல் வியேய் என்பவர் புகையில்லாத் துப்பாக்கி மருந்தை உண்டாக்கினார். ஒரே பஞ்சு. ஒருவர் கையில் அது முகத்தைக் காப்பாற்றி வைத்தது. மற்றொருவர் கையில் உயிரை வாங்கப் புறப்பட்டது. பொருளில் வேறுபாடில்லை, பக்குவத்திலும் அளவிலும் நோக்கத்திலுமே வேறுபாடு. நண்பரின் இந்தப் பேச்சை நாம் ஒரு வேடிக்கையாகவே அப்போது எடுத்துக்கொண்டோம். அன்று மாலையிலேதான் அதன் கனம் தெரிந்தது.

மலைநாட்டுக்குத் துப்பாக்கி புதிதன்று. தேயிலைக்கு முன்னே கோப்பி வந்தது. கோப்பியோடு கூடவே வேட்டையும் வந்தது. மேஜர் றொஜர்ஸ் என்னும் படைத் தலைவர் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாக எமர்சன் ரெனன்ற் எழுதியுள்ளார். அந்த மேஜர் 1845 ஆம் ஆண்டில் அப்புத்தளையிலே இடி விழுந்து மாண்டு, நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்டார். சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியிருந்து வேட்டையாடி, அவ்வனுபவங்களை 1854 ஆம் ஆண்டில் நூலாகவே வெளியிட்டார். அக்காலத் துப்பாக்கிகளுக்குக் குழல் வாய் வழியே மருந்தையும் குண்டையும் இட்டு இடிக்க வேண்டும். ஒருமுறை சுட்டபின் மறுமுறை சுடுவதற்கு நேரமாகும். ஆகவே வேட்டைக்காரர் பின்னே நிரப்பிய துப்பாக்கிகளை ஏந்திக்கொண்டு உள்ளூர் ஆட்கள் நிற்பர். வெற்றுத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு நிரப்பியதை நீட்டுவர். சுட்டவரின் பெயரும் விழுந்த யானையின் தொகையும் ஏடுகளில் உள்ளன. துப்பாக்கியை நீட்டியவரின் பெயரைத் தேடினால் அகப்படுவது அரிது.

பின்னர் தோட்டத் துரைமார்களுக்கென்றே ஒரு படைப்பிரிவு தோன்றியது. 1900 ஆம் ஆண்டில் அமைந்து 1949 ஆம் ஆண்டில் கலைக்கப்பட்ட இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை அதுவாகும். அதிலிருந்து சென்றவர்கள் தென்னாபிரிக்காவிலும், முதலாம் உலகப் போரின்போது எகிப்திலும் கலிப்பொலியிலும் பணி புரிந்தனர். ஆகவே பங்களாச் சுவரிலே மரையின் கொம்பும், மூலையிலே துப்பாக்கியும் இருந்த காலம் ஒன்று இம்மலைகளில் இருந்தது.

ஆலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அல்ல. இரண்டு மலை ஏறி இறங்கித்தான் அந்தப் பெரியவரின் வீட்டை அடைந்தோம். பழைய லயத்தின் கோடிக் காம்பராவுக்கு முன்னே வாழையும் செவ்வந்தியும் வைத்துச் சிறு முற்றம் ஒன்றை அமைத்திருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். தேயிலை ஸ்டோரில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவர். நண்பருடைய தந்தையாரின் தோழர்.

“வாங்க தம்பி, வாங்க. அப்பா மொகம் அப்புடியே இருக்கு” என்று நண்பரின் கையைப் பற்றிக்கொண்டார். நம்மையும் உபசரித்து அமரச் செய்தார். பேத்தி தேநீர் கொணர்ந்தாள்.

தகரப் பெட்டி வந்தது. அதனுள்ளே பழந்துணியில் சுற்றிய பொருள்கள் சில இருந்தன. பித்தளைத் தோட்டாக் கோதுகள் ஐந்தாறு, மேசை விளிம்பில் பூட்டிக் கைப்பிடியைச் சுழற்றினால் தோட்டாவின் வாயை மடித்துக் கொடுக்கும் கருவி ஒன்று, மரத்தாலான இடிகோல் ஒன்று, கைப்பிடி வைத்த சிறு பித்தளைச் சிமிழ் ஒன்று. பெரியவரின் தந்தையார் பங்களாவில் வேலை பார்த்தவர். துரையின் வேட்டைத் துப்பாக்கிக்குப் பின் விறாந்தையிலிருந்து தோட்டா நிரப்பிக் கொடுப்பது அவருடைய கடமைகளில் ஒன்றாம். நண்பர் அப்பொருள்களைக் கண்டு குழந்தைபோல் மகிழ்ந்தார். “ஐயா, நானும் இந்த வேலைதான் செய்கிறேன்” என்று தம் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

அவரிடமுள்ளது எம்-1 கராண்ட் என்னும் பழைய இராணுவத் துப்பாக்கி. அமெரிக்கப் படை 1936 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட அதனை வகுத்த ஜோன் கராண்ட், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்தவர். ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. போர்கள் முடிந்தபின் அவற்றிற் பல வேட்டைக்காரர் கைக்கு வந்தன. ஒரு கவ்வியில் எட்டுத் தோட்டாக்கள். ஒவ்வொரு முறையும் விசையை அழுத்த வேண்டும். ஆயின் வெற்றுக் கூட்டை எறிவதும் அடுத்த தோட்டாவை ஏற்றுவதும் துப்பாக்கி தானே செய்துகொள்ளும். எவ்வாறெனில், மருந்து எரிந்து உண்டாகும் வாயுவில் ஒரு சிறு பங்கு, குழலின் நுனிக்கருகே உள்ள துளை வழியாகப் புகுந்து, நீண்ட இரும்புத் தண்டு ஒன்றைப் பின்னே தள்ளுகின்றது. அத்தண்டே மற்ற வேலைகளையெல்லாம் செய்கின்றது.

“இங்கேதான் அபாயம் இருக்கிறது” என்றார் நண்பர். “அந்தத் தண்டு, இராணுவத் தோட்டாவின் அமுக்கத்துக்கு என்றே அளந்து செய்யப்பட்டது. இக்கால வேட்டைத் தோட்டாக்களில் பாரமான குண்டையும் மெதுவாக எரியும் மருந்தையும் இடுகிறார்கள். கையால் தாழ் இழுக்கும் துப்பாக்கிக்கு அது நன்று. இதற்கோ அது நஞ்சு. குண்டு துளையைத் தாண்டும்போது வாயுவின் வேகம் மிஞ்சிப்போய்த் தண்டு வளைந்துவிடும். ஆகவே நடுத்தரமாக எரியும் மருந்தும் மிதமான குண்டுமே இதற்கு ஆகும். வெற்றுக் கூட்டை முழுவதும் பழைய உருவுக்கு அழுத்தி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தாழ் சரியாகப் பூட்டாது. அடியிலுள்ள கேப்பு ஒரு மயிரிழையேனும் வெளியே துருத்தக் கூடாது. தாழ் வேகமாக வந்து மூடும்போது ஊசி அதனை மெல்லத் தொடும். துருத்திக்கொண்டிருந்தால் நாம் விசையைத் தொடாமலே வெடித்துவிடும்.”

குண்டிலும் வேறுபாடு உண்டென்றார். போர்க் குண்டு முழுவதும் கவசமிடப்பட்டது. உடலைத் துளைத்துக்கொண்டு அப்பாலே சென்றுவிடும். வேட்டைக் குண்டின் நுனியோ பட்டதும் விரியும். விலங்கு காயத்தோடு ஓடி நாட்கணக்கில் வதைபடாமல் உடனே விழும். இந்த விரியும் குண்டுக்குக் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதசாலையின் பெயர் ஒட்டிக்கொண்டது. மனிதரைச் சுட அது மிகக் கொடியதென்று 1899 ஆம் ஆண்டில் ஹேக் நகரில் கூடிய நாடுகள் போரிலே அதனை விலக்கின. மனிதனுக்கு விலக்கியதே விலங்குக்கு இரக்கமாயிற்று. ஆகவே போருக்குப் பிறந்த துப்பாக்கியை வேட்டைக்குக் கொண்டு போகிறவன் குண்டை மாற்ற வேண்டும். மாற்றும்போது துப்பாக்கியின் பிறவிக் குணத்தையும் மறந்துவிடக் கூடாது.

பெரியவர் இவ்வளவையும் கண்ணிமையாது கேட்டுக்கொண்டிருந்தார். தேநீர் ஆறிப்போயிற்று. பின்னர் மெதுவாக வினவினார்:

“தம்பி, மருந்தை நீங்க எதுல அளக்குறீங்க?”

“தராசில் ஐயா. மருந்துக்கு மருந்து எடை வேறு. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் அளவை மற்றதற்கு வைக்க முடியாது.”

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. அந்தப் பித்தளைச் சிமிழை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அப்புறம் அவர் சொன்ன வரலாற்றை நாம் இங்கே சுருக்கித் தருகின்றோம்.

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். கடைகளில் தோட்டா கிடைப்பது அரிதாயிற்று. துரை எங்கிருந்தோ ஒரு புதிய மருந்து டப்பாவைக் கொணர்ந்து தந்தையாரிடம் கொடுத்தார். அது வழக்கமான கரிமருந்தைப்போல் கறுப்பாக இல்லை. “தொரை, இது வேற மாதிரி இருக்குங்களே” என்று கேட்டாராம். “எல்லாம் ஒன்றுதான், நிரப்பு” என்று பதில் வந்ததாம். டப்பாவில் எழுதியிருந்த ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. வழக்கம்போல் இந்தச் சிமிழால் தலை தட்டி அளந்து நிரப்பிக் கொடுத்தார். காட்டுப்பன்றி சுடப் போன துரையின் துப்பாக்கிக் குழல் கிழிந்தது. அவருடைய இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. குடித்துவிட்டு இரட்டை மருந்து நிரப்பிவிட்டான் என்று பழி தந்தையார்மேல் விழுந்தது. அவர் குடிப் பழக்கமே இல்லாதவர். பங்களா வேலை போயிற்று. மலையிலே கவ்வாத்துக் கத்தி கைக்கு வந்தது. அதைவிடக் கொடிது, தோட்டத்தார் வைத்த பட்டப்பெயர். ‘ரெட்டை மருந்து’ என்று அவரை அழைத்தனர். அவர் பிள்ளைகளை ‘ரெட்டை மருந்து வீட்டுப் பிள்ளை’ என்றனர். பள்ளிக்கூடத்திலும் அந்தப் பெயர் தொடர்ந்தது.

“சாகுற வரைக்கும் அப்பா ஒண்ணுதான் சொன்னாரு. ‘நான் ஒரு சிமிழ்தாண்டா போட்டேன்’னு. நானும் அவரை நம்புனேன் தம்பி. ஆனா ஒரு சிமிழ் போட்டா கொழல் ஏன் கிழியணும்? அதுதான் எனக்கு வெளங்கவே இல்லை. உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துகிட்டே இருந்துச்சு.”

நண்பர் சிமிழை வாங்கிப் பார்த்தார். அதன் கைப்பிடியிலே அளவுக் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. அவர் விளக்கினார். கரிமருந்தை எடையால் அளப்பதில்லை. சிமிழால் முகப்பதே வழக்கம். மூன்று டிராம் கரிமருந்து என்றால் ஏறத்தாழ 82 கிரெயின் எடை. புகையில்லா மருந்து வந்தபோது அதில் இரண்டு சாதிகள் இருந்தன. ஒன்று, பழைய சிமிழிலேயே முகக்கலாம் என்று பொலபொலவெனச் செய்யப்பட்டது. மற்றது அடர்ந்த சாதி; அதிலே கரிமருந்தின் எடையில் மூன்றிலொரு பங்கு அளவே போதும்; தராசில் நிறுத்தே இடவேண்டும். அடர்ந்த மருந்தைப் பழைய சிமிழால் முகந்தால், முகந்தது ஒரு சிமிழே ஆயினும் உள்ளே போனது இரண்டு மூன்று தோட்டாவுக்குரிய வலிமையாகும். அக்காலத்தில் பல நாடுகளிலே குழல்கள் கிழிந்ததற்கு இதுவே காரணம்.

நண்பர் முடிக்குமுன்னரே பெரியவரின் முகம் மாறியது.

“ஸ்டோருல முப்பத்தஞ்சு வருஷம் இதைத்தானே பார்த்தேன்! ஒரேஞ்சு பீக்கோ நெரப்புற பெட்டியில டஸ்ட்டை நெரப்புனா எடை எங்கேயோ போயிரும். பெட்டி ஒண்ணு, எடை வேற. அப்புடித்தானே தம்பி?”

“அப்படியேதான் ஐயா.”

“அப்போ... எங்கப்பா கையில தப்பில்லேன்னு சொல்றீங்களா?”

நண்பர் உடனே விடை கூறவில்லை. எண்ணிப் பார்த்தே பேசினார். “அந்த டப்பாவை நான் பார்க்கவில்லை ஐயா. ஆனால் புது மருந்து, கறுப்பில்லாத மருந்து, பழைய சிமிழ் என்று நீங்கள் சொன்ன மூன்றையும் வைத்துப் பார்த்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. உங்கள் அப்பா ஒரு சிமிழ்தான் போட்டார். அது எந்த மருந்துக்குரிய சிமிழ் என்று சொல்ல வேண்டியவர், டப்பாவைப் படிக்கத் தெரிந்தவர்.”

பெரியவர் தோளில் கிடந்த துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டார். பேத்தி ஒன்றும் புரியாமல் வாசற்படியில் நின்றாள். நாம் மலையைப் பார்ப்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

துரைமார் வேட்டையாடிய காலம் போய்விட்டது. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்து எத்தனையோ ஆண்டுகளாயின. எனினும் மலைநாட்டிலும் பிற பகுதிகளிலும் பன்றிக்கென்று கண்ணி வைப்பாரும், இன்னுங் கொடிதாகக் கட்டுத்துவக்கு வைப்பாரும் இன்றும் இருக்கின்றனர். 2020 ஆம் ஆண்டு மே மாதம், இங்கிருந்து வெகு தொலைவில் இல்லாத நல்லதண்ணிப் பகுதியில், காண்பதற்கரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிக் கண்ணியில் அகப்பட்டு, சில நாட்களில் மடிந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டுத்துவக்கோ அதனினும் பொல்லாதது. மருந்தை நிரப்பி, விசையில் கயிற்றைக் கட்டிவிட்டு, நிரப்பியவன் வீட்டுக்குப் போய்விடுகிறான். பன்றி தடக்கினாலும் விறகு பொறுக்கப் போன பெண் தடக்கினாலும் அதற்கு ஒன்றே. நிரப்பியவன் அங்கில்லாத துப்பாக்கி அது.

நம் நண்பர் நிலவறையில் ஒவ்வொரு தோட்டாவையும் தராசில் நிறுத்து, குறிப்பேட்டில் எழுதி, தாம் நிரப்பியதைத் தாமே சுடுகிறார். தவறினால் தம் விரலே போகும். வேட்டையை நாம் விரும்புகிறவர் அல்லர். ஆயினும் அளந்தவனும் சுடுபவனும் ஒருவனாயிருப்பதில் ஒரு நேர்மை இருப்பதை மறுக்க முடியவில்லை. பொகவந்தலாவையின் பின் விறாந்தையிலோ அளவைத் தீர்மானித்தவர் ஒருவர், நிரப்பியவர் ஒருவர், பழி சுமந்தவர் அந்த நிரப்பியவரே.

புறப்படும் வேளையில் நண்பர் தயங்கித் தயங்கி, “ஐயா, அந்தச் சிமிழை எனக்குத் தருவீர்களா? கனடாவில் கண்ணாடிப் பேழையில் வைத்துக்கொள்வேன்” என்று கேட்டார்.

பெரியவர் சிரித்தார். “நேத்துக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன் தம்பி. இத்தனை வருஷம் பெட்டிக்குள்ள ஒளிச்சுத்தானே வச்சிருந்தேன். இனி ஒளிக்க வேண்டியதில்லை. இங்கேயே இருக்கட்டும்.”

நாம் படியிறங்கித் திரும்பிப் பார்த்தபோது, சாமிப் படத்துக்குக் கீழே இருந்த பலகைமேல், தந்தையாரின் மங்கிய புகைப்படத்துக்குப் பக்கத்தில் அவர் அந்தச் சிமிழை வைத்துக்கொண்டிருந்தார். பேத்தி அது என்னவென்று கேட்டாள். அவர் அவளை அருகே இருத்திக்கொண்டு சொல்லத் தொடங்கினார். மூடுபனி பள்ளத்தாக்கை மூடிக்கொண்டு வந்தது. ஹற்றனுக்குச் செல்லும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க நாம் விரைந்து நடந்தோம்.